மேல்பல் சீட்டு

பல் பிடுங்குவது எப்படி என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். என் கை இப்போது காப்பி டம்ளரையே ஆட்டிக்கொண்டுதான் எடுக்கிறது. புதிதாக அரசுப் பணிக்கு வந்திருக்கும் பல் மருத்துவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டார்கள். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள். நம் சனங்கள் பல்லைப் பற்றி என்னென்னவோ நம்புகிறார்களே, அதையெல்லாம் எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்களாம்.

சிரிப்பதற்கு என்ன குறைச்சல்? பால்பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும். கூரை போய்க் கான்கிரீட் வந்த பிறகும் விடவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த பல்லைத் தேடி ஆள் இறக்கிய வீடு எனக்குத் தெரியும். பல் விழுகிற மாதிரிக் கனவு கண்டால் சொந்தத்தில் சாவு. முன்பல்லில் சந்து இருந்தால் யோகம், அதை அடைக்கக் கூடாது. பரவைச் சந்தைக்குப் போன இடத்தில் ஒருவர் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைத்துப் பல்லிலிருந்து ஏழு பூச்சி எடுத்தார் என்று, அந்தப் பூச்சிகளைத் தீப்பெட்டியில் போட்டு எனக்குக் காட்ட வந்த வாத்தியாரே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். இந்த ஒன்றை நீங்கள் ஓய்வு பெறுகிற நாள்வரை தினமும் கேட்பீர்கள்.

நானும் சிரித்தவள்தான். வாய்விட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த மருத்துவர் சிரிக்க மாட்டார். மேல்பல் பிடுங்கப் பயப்படுகிற ஆளை எழுப்பி, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டருக்கு நேரே நிறுத்துவார். ராகு காலம், எமகண்டம் என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்வார். பிறகு பல்லைப் பிடுங்குவார். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும் அதே ஆளை மறுபடி அதே இடத்தில் நிறுத்தி, "அம்புட்டும் தெரியுதா? முன்ன மாதிரியே தெரியுதா?" என்று கேட்பார். ஆள் தலையாட்டுவார். "அப்ப வீட்டுக்குப் போங்க" என்பார்.

எனக்கு அது கோமாளித்தனமாகப் பட்டது. இவ்வளவு படித்துவிட்டு இவர்கள் பயத்துக்குத் தாளம் போடுகிறாரே என்று கடுப்பாக இருக்கும். ஒருநாள் கேட்டும் விட்டேன். கண்ணுக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தையில் சொன்னால் முடிந்தது, எதற்கு இந்த நாடகம் என்று. அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் சொல்றது அவன் காதுக்குத்தாம்மா போகும். அவன் பாக்குறது அவன்கூட வீட்டுக்கே போகும்." எனக்கு ஏறவில்லை. அப்போது எனக்கு எதுவுமே ஏறாது. நான் சொல்வது சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் கேட்பவன் பாடு என்ற திமிர்.

அந்தத் திமிர் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், மதுரைக்குத் தெற்கே ஓர் அரசு மருத்துவமனை. பேர் வேண்டாம், தப்பு மருத்துவமனையுடையது அல்ல, என்னுடையது. ஒரு திங்கட்கிழமை, வராண்டா முழுக்கக் கூட்டம். முத்துலட்சுமி என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒன்பது மாதப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையின் வாயைத் திறந்து காட்டினாள். மேல் ஈறில் அரிசி நுனி மாதிரி ஒரு பல். அதைப் பிடுங்கிவிடச் சொன்னாள்.

உங்களில் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். குழந்தைக்குக் கீழ்ப்பல்தான் முதலில் முளைக்க வேண்டும். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது. மாமன் உயிருக்கே ஆபத்து என்பார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் இதே காரணத்துக்காக இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் ஈறை யாரோ ஓர் ஆள் குறடு வைத்துக் கிழித்திருந்தான். துண்டு முழுக்க ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அது பிழைத்தது என்று சேதி வருகிறவரை நான் சோறு தின்னவில்லை. ஆகவே முத்துலட்சுமி வாயைத் திறந்ததும் எனக்கு உச்சிக்கு ஏறியது. பச்சைப் பிள்ளையின் பல்லைப் பிடுங்கச் சொல்கிறாயே, நீ தாய்தானா என்று கத்தினேன். வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிடுங்க மாட்டேன் என்று சொன்னது சரி. கத்தியதைக்கூட மன்னிக்கலாம். அதற்குப் பிறகு செய்ததுதான்.

கதவோரம் நின்றிருந்த ஒருவர் உள்ளே வந்தார். அவள் அண்ணன் ஈஸ்வரன், குழந்தையின் தாய்மாமன். அவனியாபுரத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலை. யாருக்கு ஆகாது என்கிறார்களோ அந்த ஆள் அவரேதான். அவரைப் பார்த்ததும் குழந்தை இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

விஷயத்தை நிதானமாகச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். பத்திரிகையில் அவர் பேர் போட்டாகிவிட்டது. அவர் மனைவி அப்போது ஆறு மாசக் கர்ப்பம். மேல்பல் சேதி காதில் விழுந்ததும் மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார்: குழந்தையை மடியில் வைத்தால் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால், புகுந்த வீட்டில் முத்துலட்சுமி தலை நிமிர முடியாது.

"எனக்குப் பயமெல்லாம் இல்ல டாக்டரம்மா. எம் மடில வச்சுக் குத்தணும், அம்புட்டுத்தான். எங்க மாமனாரு பல்ல நேர்ல பாக்கல, கேள்விப்பட்டதுதான். கீழ்ப்பல்லு மொதல்ல வந்துருச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், அடங்கிருவாரு."

குழந்தையின் கீழ் ஈறை விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே பல் வந்து நின்றது. ஈறுக்கு அடியில் வெள்ளையாகக் கோடு தெரிந்தது, விரலில் நெருடியது. இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடும். தாடைக்குள் கீழ்ப்பல் முன்னாலேயே உருவாகிவிட்டது, மேல்பல் கொஞ்சம் அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

நான் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கா என்னைப் படிக்கவைத்தார்கள் என்று அவரிடம் பிரசங்கம் பண்ணினேன். பிறகு, இந்த மாமனார் மாதிரி ஆட்களுக்கு உறைக்கிற மாதிரி எழுதிக் கொடுக்கிறேன் பார் என்று ஓ.பி. சீட்டை இழுத்தேன். ஆங்கிலத்தில் கிறுக்காமல், எல்லோரும் வாசிக்கட்டும் என்று நல்ல தமிழில், முத்து முத்தாக எழுதினேன்.

'இக்குழந்தைக்கு மேல் முன்பல் முதலில் முளைத்துள்ளது. இது இயற்கையானது. இதனால் தாய்மாமனுக்கோ மற்றவருக்கோ எந்தக் கேடும் வராது.'

கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். அறிவியலுக்குப் பெரிய தொண்டு செய்துவிட்ட நினைப்பு எனக்கு. ஈஸ்வரன் சீட்டை வாசித்தார், ஏதோ சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், எனக்குப் பக்கத்தில் இருந்த சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டே கேட்டார்: "மொத வரிய எழுதாம விட்டிருக்கலாம்ல மேடம்?"

என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்தவர். உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர் என்றேன். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆலோசனை அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னவருக்கு நான் கொடுத்த மரியாதை அது.

ஒரு மாதம் கழித்து முத்துலட்சுமி மட்டும் வந்தாள். நடந்ததை அவளே சொன்னாள். கோயிலில் கூடியிருந்த சனத்துக்கு நடுவில் அந்த மாமனார் என் சீட்டை வாங்கி முதல் வரியைச் சத்தமாக வாசித்திருக்கிறார். அதுவரை மேல்பல் என்பது அக்கம்பக்கத்துப் பேச்சு, அவ்வளவுதான். இல்லை என்று சாதித்திருக்கலாம். அன்றைக்குக் கீழ்ப்பல்லும் வெளியே வந்துவிட்டதால் எது முதல் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. இப்போது அரசாங்க டாக்டரே முத்திரை குத்திக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது வரியை ஈஸ்வரன் வாசித்துக் காட்டியபோது மாமனார் கேட்டாராம்: "பல்லப் பத்தி டாக்டருக்குத் தெரியும். எம் மருமகன் ஆயுசப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்?"

முதல் வரிக்கு நான் நிபுணர். மூன்றாவது வரிக்கு நான் யாரோ.

குழந்தையை முத்துலட்சுமியின் வீட்டுக்காரர் வழியில் யாரோ ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். ஈஸ்வரன் கோயில் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு அழுது, மாமனைப் பார்த்துக் கையை நீட்டியிருக்கிறது. அவர் வேனில் ஏறிப் போய்விட்டார்.

அதைச் சொல்லிவிட்டு முத்துலட்சுமி கேட்டாள்: "வேற சீட்டு ஒண்ணு மாத்தி எழுதித் தாரீகளா டாக்டரம்மா?"

எழுதினதை மாற்றி எழுதுவது குற்றம் என்றேன். அவள் எழுந்து போனாள். அடுத்த ஆளை வரச்சொல்லுங்க என்று சிஸ்டரிடம் சொன்னேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இந்தச் சனங்கள் இப்படித்தான், நாம் என்ன செய்ய முடியும் என்று அன்று மத்தியானமே மறந்துவிட்டேன். அதைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

நடுவில் என்னை எங்கெங்கோ மாற்றினார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தின நான்கு வருஷம் மறுபடி அதே மருத்துவமனை. கடைசி வருஷத்தில் ஒருநாள், மேல் கடைவாய்ப்பல் சொத்தையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்தார். தலை நரைத்திருந்தது. கண் போய்விடுமா என்று கேட்கவில்லை. "ஒங்கள எனக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றார்.

பல்லை எடுத்து முடித்துப் பஞ்சு வைத்தேன். அரைமணி நேரம் பேசக் கூடாது என்றேன். கேட்காமல், பஞ்சைக் கடித்துக்கொண்டே பேசினார். அந்த ஈஸ்வரன்தான். அவருக்கு ஒரு குறையும் இல்லை. வொர்க்‌ஷாப்பைச் சொந்தமாக வாங்கிவிட்டார், பையன் கல்லூரியில் படிக்கிறான். எல்லாம் அந்தப் பிள்ளையை விட்டுத் தள்ளி இருந்ததால்தான் என்று மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தங்கை மகள் பவித்ராவுக்குச் சடங்கு வைத்தபோது சீர்த்தட்டு போனது, இவர் போகவில்லை.

இரண்டு மாதம் முன்னால் முத்துலட்சுமி செத்துப்போனாள். மஞ்சள்காமாலை, ஒரு வாரம்தான். பிறந்த வீட்டுக் கோடித் துணியை எடுத்துக்கொண்டு அண்ணன் போயிருக்கிறார். தங்கைக்குக் கோடி போடுவதை யார் தடுக்க முடியும்? வாசல் தாண்டி உள்ளே கால் வைத்தபோது, தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பவித்ரா எழுந்து நின்றாளாம்.

"மாமா, அங்கனயே நில்லுங்க. கோடிய அவுககிட்டக் குடுங்க. எங்கம்மா போயிருச்சு. நீங்களும் போயிறக் கூடாது."

எனக்குச் சொல்லும்போது ஈஸ்வரன் அழவில்லை. "கோவத்துல சொல்லல டாக்டரம்மா. பாசத்துலதான் சொன்னா. அதத்தான் என்னால தாங்க முடியல." அந்தச் சீட்டு முத்துலட்சுமியின் பீரோவில் பத்திரமாக இருந்ததாம், குழந்தையின் மருத்துவக் காகிதங்களோடு. அதைப் பார்த்துத்தான் பவித்ரா வளர்ந்திருக்கிறாள். தன் கை பட்டால் மாமன் செத்துவிடுவார் என்று இருபது வருஷமாக ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது, என் முத்திரையோடு.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. தாய் இல்லாத பெண்ணை மாமன் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டிவர வேண்டும். "அதுக்காகத்தான் ஒங்களத் தேடி வந்தேன். பல்லு ஒரு சாக்கு" என்றார். இன்னொரு சீட்டு வேண்டும்.

எழுதினேன். குற்றம் என்று முன்பு சொன்னேனே, அதைத்தான் செய்தேன். 'நான் பரிசோதித்தபோது இக்குழந்தைக்குக் கீழ்ப்பல் ஈறைத் தொட்டு வந்திருந்தது. கீழ்ப்பல்லே முதற்பல். முன்பு கொடுத்த சீட்டு தவறானது.' என் கை அப்போதே ஆடத் தொடங்கியிருந்தது. முத்து முத்தாக வரவில்லை.

நான்கு நாள் கழித்துப் பவித்ராவே வந்தாள். அவளை அன்றுதான் பெரியவளாகப் பார்த்தேன். முன்பல் இரண்டும் அவ்வளவு அழகு. நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு சீட்டையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பழுப்பேறியிருந்தது. இரண்டிலும் என் கையெழுத்து.

"இதுல எது நெசம் மேடம்?"

இரண்டும் நிசம்தான் என்று ஆரம்பித்துத் தாடையைப் பற்றியும் ஈறைப் பற்றியும் விளக்கினேன். இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க மாமா சொல்லி நீங்க எழுதியிருக்கலாம். எனக்கு அது தெரிய வேணாம். கீழ்ப்பல்லுதான் மொதல்னு எங்க மாமா உயிர் மேல சத்தியமா ஒரு தடவ சொல்லுங்க. நான் அவுக கையப் பிடிச்சுக்கிட்டே மேடைக்கு வாரேன்."

இது மட்டும்தான் கேட்டாள். ஒரு வாக்கியம். சத்தியத்தால் யாரும் சாக மாட்டார்கள் என்று முப்பது வருஷம் மேசை தட்டிப் பேசியவள் நான். எனக்கு எதிரே ஒரு பெண் நிற்கிறாள், அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே தாய்வழிச் சொந்தம் என் நாக்கு நுனியில் இருக்கிறது.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

பொய் சொல்ல மனசு வரவில்லை என்று உங்களிடம் கௌரவமாகச் சொல்லித் தப்பிக்கலாம். அது இல்லை. எழுதும்போது உறுத்தாத பொய், சொல்லும்போது மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? நான் பயந்தேன். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று, அந்த மாமனார் பயந்த அதே பயம்தான் பயந்தேன். நாலு விநாடி இருக்கும். சுதாரித்துக்கொண்டு சத்தியம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"பரவாயில்ல மேடம்" என்றாள். பழைய சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். புதியதை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்த பிறகு ஈஸ்வரன் ஒரு தடவை வந்தார், பல் எடுத்த இடம் ஆறிவிட்டதா என்று காட்ட. நன்றாக ஆறியிருந்தது. மண்டபத்தில் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாராம். மேளச்சத்தம் கேட்டதாம்.

அந்த இரண்டாவது சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஈஸ்வரன் நன்றாக இருக்கிறார், காய்ச்சல் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. அவளைவிட்டுத் தள்ளி நின்று அவர் நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும், அந்தப் பெண்ணுக்கு என் முதல் சீட்டுதான் சரி.